டெரட்டோஜென்: தமிழில் எப்படிச் சொல்வது?

வலிப்பு மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை யாரும் விரித்துப் படிப்பதில்லை. படித்தால், கர்ப்பம் பற்றிய பத்தியில் பெரும்பாலும் இந்தச் சொல்லோ இதன் உறவுக்காரச் சொல் ஒன்றோ தட்டுப்படும். கருவில் இருக்கும் குழந்தையின் உடலமைப்பையோ மூளை வளர்ச்சியையோ கெடுக்கக்கூடியது எதுவோ, அது டெரட்டோஜென். மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மதுவும் ரூபெல்லா கிருமியும் இதில் சேர்த்திதான்.

சொல்லின் பூர்வீகம் கொஞ்சம் கொடுமையானது. பழைய கிரேக்கத்தில் 'டெரஸ்' என்றால் தெய்வம் காட்டும் சகுனம். வானத்தில் தெரியும் அதிசயமும் டெரஸ்தான், கதைகளில் வரும் பூதமும் டெரஸ்தான். உருமாறிப் பிறந்த குழந்தையையும் அதே பட்டியலில் போட்டார்கள். 'ஜென்' என்பது பிறப்பிப்பது. ஆக, நேர்ப்பொருள் 'பூதத்தைப் பிறப்பிப்பது'. 1830களில் பிரெஞ்சு விலங்கியலாளர் இசிதோர் ஜெஃப்ராய் சேன்-இலேர் பிறவி மாறுபாடுகளை ஆராயும் துறைக்கு டெரட்டாலஜி என்று பெயர் வைத்தார். இது சகுனமல்ல, இயற்கை விதிகளுக்கு உட்பட்ட விஷயம் என்று காட்டவந்தவர், பெயரை மட்டும் சகுனத்திடமே கடன் வாங்கிவிட்டார்.

கிரேக்கர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உதடு பிளந்து பிள்ளை பிறந்தால், 'கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள்' என்று தாயின் தலையில் பழியைப் போடுகிற ஊர்தானே நம்முடையதும். புறநானூற்றின் 28ஆம் பாட்டு பார்வையின்மை, கூன், காது கேளாமை முதலிய எட்டையும் 'எண்பேர் எச்சம்' என்று எண்ணிவைக்கிறது. அதில் 'உறுப்பில் பிண்டம்' என்றும் ஒன்று உண்டு. இன்று ஒரு தாயிடம் போய்ச் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

சரி, வலிப்பு மாத்திரைக்கு வருவோம். இந்தச் சொல்லோடு அதிகம் சேர்த்துப் பேசப்படுவது வால்ப்ராயேட். 1882இல் உருவான, அதன் அமில வடிவமான வால்ப்ராயிக் அமிலம், எண்பது ஆண்டுகள் மற்ற ரசாயனங்களைக் கரைக்கும் திரவமாகவே கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் பியர் எய்மார் என்ற ஆய்வாளர் வேறு மருந்துகளை அதில் கரைத்துச் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்கியது. கரைக்கப் பயன்பட்ட திரவமேதான் மருந்து! நல்ல மருந்து என்று பெயரும் வாங்கியது. 1982இல், அதே பிரான்சின் லியோன் நகரத்துப் பிறவிக்குறைப் பதிவேட்டிலிருந்து எச்சரிக்கை வந்தது: இதை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் முதுகுத்தண்டுப் பிளவு அதிகம் தெரிகிறது.

பொதுவாகவே 100 குழந்தைகளில் 2, 3 பேருக்குப் பெரிய பிறவிக்குறை இருக்கும். கர்ப்பத்தில் வால்ப்ராயேட் எடுத்தால் அது 10 அளவுக்கு ஏறுகிறது. பேச்சு, படிப்பு, நடத்தை இவற்றில் பின்னடைவு 30 முதல் 40 பேருக்கு. மருந்தின் அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் என்ற வேறு இரண்டு வலிப்பு மருந்துகளிலும் பெரிய பிறவிக்குறைகளின் கணக்கு பொதுக்கணக்கை ஒட்டியே நிற்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998இல் தொடங்கியது போன்ற பதிவேடுகளில் வருஷக்கணக்காகத் தாய்மாரைத் தொடர்ந்து பார்த்துத்தான் இந்த வித்தியாசமெல்லாம் பிடிபட்டது.

இன்னொன்று, நேரம். மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரப்போகும் நரம்புக்குழல் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து இரண்டு வாரம்கூட இருக்காது. பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே நரம்பு டாக்டரிடம் பேசி மாத்திரையை மாற்றுவதும், ஃபோலிக் அமிலம் தொடங்குவதும் அதனால்தான். பயந்துபோய்த் தானாக நிறுத்தினால் வலிப்பு திரும்பி வந்து தாய் உயிருக்கும் சேய் உயிருக்கும் ஆபத்தாகலாம்.

இப்போது தமிழ்ச்சொல். 'ஊனமாக்கி' எனக்குப் பிடிக்கவில்லை. வால்ப்ராயேட் எடுத்தாலும் 100 குழந்தைகளில் 90 பேருக்குப் பெரிய பிறவிக்குறை இல்லை. சொல்லோ நிச்சயம் நடக்கும் என்று மிரட்டுகிறது. திரிபு என்ற நல்ல சொல்லை வைத்துக் 'கருத்திரிபி' என்று ஆக்கலாம்தான். ஆனால் கருத்தைத் திரிக்கிற ஆசாமி என்று படித்துவிடுவார்கள், தொலைக்காட்சி விவாதத்துக்குத்தான் பொருந்தும். 'ஊறு விளைத்தல்' நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் தொடர். பூதமும் இல்லை, சகுனமும் இல்லை, தாயின் மேல் பழியும் இல்லை. ஒரு பொருள் செய்யும் கெடுதல் மட்டுமே இருக்கிறது. பாடநூலுக்கு 'கருவூறுபொருள்' போதும். மாத்திரை அட்டைக்கு அதுவும் வேண்டாம், இப்படி அச்சிட்டால் போதும்: 'கருவுக்கு ஊறு விளைக்கக்கூடும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.'