கூச்சமும் குரல்நாணும்: கரோக்கேயில் எந்தப் பாட்டு எளிது?

ஜப்பானில் முதுகலை படிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே ஏப்ரலில் கல்வியாண்டு தொடங்குகிறது. புது மாணவர்களுக்கான வரவேற்பு விருந்து முடிந்ததும் கூட்டம் நேராகக் கரோக்கே அறைக்கு, அதாவது பின்னணி இசைக்கு நாமே மைக் பிடித்துப் பாடும் அறைக்கு, போய்விடுகிறதாம். "மைக் என் கைக்கு வந்தால் குரலே எழும்புவதில்லை. மெல்ல முணுமுணுத்தாலும் சுருதி விலகுகிறது. பாடவே வராத எனக்கு எந்த ஜப்பானியப் பாட்டு சுலபம்?" என்பது அவர் கேள்வி.

பாட்டுகளைப் பிறகு சொல்கிறேன். "மெல்ல முணுமுணுத்தாலும்" என்று எழுதியிருக்கிறாரே, விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. மெல்லப் பாடுவதால்தான் அவருக்குச் சுருதி விலகுகிறது.

முதலில் காதைப் பற்றி ஒரு வார்த்தை. சுருதி வேறுபாட்டையே உணர முடியாத பிறவிக் குறைபாடு நூற்றில் சிலருக்குத்தான் உண்டு. மான்ட்ரியாலில் ஷான் ஹட்சின்ஸும் இசபெல் பெரெட்ஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இசைப் பயிற்சி இல்லாதவர்களிடம் ஒரு சுரத்தைக் கேட்கவிட்டு, அதையே விரலால் நகர்த்தும் ஒரு கருவியில் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு குரலில் பிடிக்கச் சொன்னார்கள். விரலால் நன்றாகப் பிடித்தவர்களில் பலர் குரலில் தடுமாறினார்கள். காது கேட்டதைத் தொண்டை செய்ய மறுக்கிறது. ஆகவே தொண்டைக்குள் போவோம்.

குரல்வளையில் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். நீளம் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது, அவை மீண்டும் மூடுகின்றன. ஆண் பேசும்போது இது நொடிக்கு ஏறத்தாழ 110 முறையும், பெண் பேசும்போது 200 முறைக்குச் சற்று மேலும் நடக்கிறது. கிரைகோதைராய்டு என்னும் சிறு தசை நாண்களை இழுத்து நீட்டினால் சுருதி ஏறும். பெரும்பாலான பாடப்புத்தகங்கள் இங்கே நிறுத்திக்கொள்கின்றன. எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்துத்தான் வருகிறது.

நாண்கள் அதிரத் தொடங்குவதற்கு ஒரு குறைந்தபட்சக் காற்றழுத்தம் வேண்டும். அதற்குக் கீழே வெறும் மூச்சுதான் வரும். உதடுகளைத் தளர்வாகச் சேர்த்து, மிக மெதுவாகத் தொடங்கி ஊதிப் பாருங்கள். காற்று கசியும், கசியும், ஒரு கட்டத்தில் சட்டென்று 'ப்ர்ர்' என்று உதடு துடிக்கத் தொடங்கும். குரல்நாணிலும் அப்படி ஒரு வாசல் உண்டு. இன்கோ டிட்ஸே என்ற அமெரிக்கக் குரலியல் அறிஞர் இதற்கு ஒரு சமன்பாடு தந்திருக்கிறார். அதன்படி, பேசும் சுருதியில் இந்த வாசல் அழுத்தம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீரின் அளவுதான். டம்ளர் நீரில் ஸ்ட்ராவை அந்த ஆழத்துக்கு விட்டு ஊதினால் குமிழி கிளம்ப எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவே. ஆனால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறினால் வாசலும் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயர்ந்துவிடுகிறது. இழுத்து விறைத்த நாணை அசைக்க அதிகக் காற்று தேவைப்படும் அல்லவா?

கூச்சப்படும் மாணவர் என்ன செய்கிறார்? பிறர் காதில் விழக் கூடாதென்று காற்றைக் குறைக்கிறார். தாழ்ந்த சுரங்களில் எப்படியோ ஒப்பேறிவிடுகிறது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது வாசல் உயர்ந்துவிடுகிறது, அவருடைய அழுத்தமோ அங்கேயே நிற்கிறது. குரல் உடைகிறது, அல்லது காற்றாய்ப் போகிறது.

அதோடு இன்னொன்றும் நடக்கிறது. தசையின் இழுப்பு மாறாமல் இருக்க, காற்றழுத்தத்தை மட்டும் கூட்டினாலும் சுருதி உயரும். வலுவான காற்றில் நாண் அகலமாக அலைபாய்கிறது. அகலமாக வளையும் ஒவ்வொரு முறையும் அது கூடுதலாக நீட்சி அடைகிறது, இறுக்கம் கூடுகிறது, அதிர்வும் வேகமாகிறது. ஒரு சென்டிமீட்டர் நீரளவு அழுத்தத்துக்கு நொடிக்குச் சில அதிர்வுகள் வீதம் இந்த ஏற்றம் இருக்கும். இதைத் திருப்பிப் படித்தால், காற்று குறையக் குறையச் சுருதி தானாக இறங்கும். நீண்ட சுரத்தின் கடைசியில் மூச்சு தீரும்போது குரல் தொய்வது இதனால்தான். மெல்லவும் பாடவேண்டும், சுருதியும் நிற்கவேண்டும் என்றால், குறைந்த காற்றை ஈடுகட்டத் தசை அந்த அளவுக்குத் துல்லியமாக இழுக்கவேண்டும். தேர்ந்த பாடகர்கள் பல ஆண்டு சாதகத்தில் பெறும் திறமை அது. கூச்சத்தால் மெல்லப் பாடுபவர், தெரியாமலேயே, இருப்பதில் கடினமான வித்தையை முதல் நாளிலேயே முயல்கிறார். அவரைப் பார்த்து "உனக்குக் குரல் வளம் இல்லை, அது பிறவியிலேயே வரவேண்டும்" என்று சொல்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

இனி எளிய பாட்டு எது என்பது தெளிவாகிவிடும். வாசல் அழுத்தம் தாழ்ந்திருக்கும் பாட்டு, அதாவது பேசும் சுருதியை விட்டு அதிகம் ஏறாத பாட்டு. அண்மைக்கால ஜப்பானியப் பாடல்களில் ஆண்கள் பாடுவதே மிக உயரத்தில் இருக்கிறது. அவற்றை மூலச் சுருதியில் தொடவேண்டாம்.

கரோக்கேயில் இதற்கு ஒரு அருமையான வசதி இருக்கிறது. 1992இல் தொலைபேசி வழியாகப் பாட்டு வந்திறங்கும் கரோக்கே தொடங்கியபோது, வந்தது ஒலிப்பதிவு அல்ல, எண்கள். மிடி முறையில் ஒவ்வொரு சுரமும் ஒரு முழு எண். பியானோவின் நடு 'ஸி' 60, அடுத்த அரைச்சுரம் 61. சுருதியை மாற்றும் 'கீ' பொத்தானை மைனஸ் 3க்குக் கொண்டுபோனால் கருவி எல்லா எண்களிலும் 3ஐக் கழிக்கிறது, அவ்வளவுதான். நொடிக்கு 330 அதிர்வுகளில் இருந்த உச்சச் சுரம் 277க்கு இறங்கிவிடுகிறது, வேகம் மாறாமல். டிரம்முக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. பொது மிடி வழக்கில் டிரம்மின் எண்கள் சுரத்தைக் குறிப்பதில்லை, எந்த வாத்தியம் என்பதைக் குறிக்கின்றன. 38 என்பது ஸ்நேர் டிரம். அதிலும் 3ஐக் கழித்தால் 35, பாஸ் டிரம்மாக மாறி ஒலிக்கும்! கழித்தல் கணக்கு ஒரு மனிதரின் தொண்டைக்கு இவ்வளவு உதவும் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கரோக்கே பிறந்த கதையும் இதற்குப் பொருத்தம்தான். 1971இல் கோபே நகரில் முதல் கருவிகளைச் செய்தவர்களில் ஒருவரான இனோவே தாய்சுகே, அதற்கு முன் மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாட இசை வாசித்தவர். அவர் வாசித்தால் மட்டுமே பாட வரும் என்ற வாடிக்கையாளர் ஒருவர் வெளியூர்ப் பயணத்துக்குக் கூப்பிட, தான் போக முடியாமல் நாடாவில் பதிந்து கொடுத்தார். அதிலிருந்து எழுந்த யோசனை அது. பாடத் தடுமாறுபவருக்காகவே வந்த கருவி என்று தயங்காமல் சொல்லலாம்.

சரி, பாட்டுகள். 1961இல் சகமோட்டோ கியூ பாடிய 'உவே ஓ முய்தே அருகோ' என் முதல் தேர்வு. அதன் முக்கிய மெட்டு பெரும்பாலும் ஐந்து சுரங்களில் நடக்கிறது. 'யோனானுகி' என்று ஜப்பானியர் சொல்லும் அந்த அளவுகோலின் சுரங்கள் நம் மோகனத்தின் சுரங்களேதான்: ச ரி க ப த. இதில் அடுத்தடுத்த சுரங்களுக்கிடையே அரைச்சுர இடைவெளி எங்குமே இல்லை. அதனால் கொஞ்சம் பிசகினாலும் பக்கத்துச் சுரத்தில் போய் விழமாட்டோம். சொல்லுக்கும் அவசரம் இல்லை, பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒரு சுரம். நடுவே சீட்டியடிக்கும் பகுதி வேறு வருகிறது. சீட்டிக்குக் குரல்நாண் தேவையில்லை!

அடுத்தது, ஸ்மாப் குழுவின் 2003ஆம் ஆண்டு 'செகாய் நி ஹிதோட்சு தகே நோ ஹானா'. ஐந்து பேர் ஒரே சுருதியில் சேர்ந்து பாடியது, எனவே அறையில் இருப்பவர்களும் இயல்பாகச் சேர்ந்துகொள்வார்கள். சத்தத்தின் நடுவே பேசும்போது மனிதக் குரலின் சத்தமும் தானாக உயரும் என்று எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் நூறாண்டுக்கு முன்பே கண்டார். சுற்றிலும் பாடும்போது உங்கள் காற்றழுத்தமும் தானாகவே ஏறும். கூச்சத்தில் இசையின் ஒலியைக் குறைத்து வைக்காதீர்கள்.

தொண்டைக்குப் பனங்கற்கண்டு, தேன் என்று நம் வீடுகளில் கொடுப்பார்கள். ஜப்பானில் பாடுமுன் ஊலாங் தேநீர் குடித்தால் தொண்டையின் எண்ணெய்ப் பசை போய்விடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, உணவுக்குழாய்க்குள் போய்விடுகிறது. ஆனால் உடலில் நீர் குறைந்தால் வாசல் அழுத்தம் உயர்கிறது என்று டிட்ஸேயும் காதரின் வெர்டோலினியும் செய்த ஆய்வுகள் காட்டின. ஆகவே அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடியுங்கள். நாள் முழுக்கக் கத்திப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் தேவைப்படும் அறிவு இது. சாதாரணக் குரல்களைப் பற்றிய இத்தகைய ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்களும் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து.

விருந்துக்கு முன் ஒரு வார நாள் பிற்பகல், கட்டணம் குறைவாக இருக்கும் நேரத்தில், தனியாக ஓர் அறை எடுங்கள். 'ஹிதோகரா' என்று அங்கே அது சகஜம். மதிப்பெண் போடும் வசதியை அணைத்துவிட்டு, மெட்டை மெலிதாக வாசித்துக் காட்டும் வசதியைக் கூட்டிவையுங்கள். பாட்டின் உச்சப் பகுதியை மட்டும், சாதாரணமாகப் பேசும் சத்தத்துக்குக் குறையாமல் பாடி, உடையாமல் வரும்வரை கீயை ஒவ்வொன்றாக இறக்குங்கள். தொடக்கச் சுருதி சில பாடல்களில் மூலத்திலிருந்து மாறியிருக்கும், அதற்கென்றே மூலச் சுருதிப் பொத்தான் தனியாக உண்டு. அதை அழுத்திவிட்டு அங்கிருந்து எண்ணுங்கள். கிடைக்கும் மைனஸ் எண்ணைப் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.