‘பாவமா இருந்துச்சு டாக்டர்’: செல்லப்பிராணியின் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

சில ஆண்டுகளுக்கு முன், கருத்தடை அறுவைக்காக வந்த ஒரு பெண் லேப்ரடாருக்கு மயக்க ஊசி போட்ட சில நிமிடங்களில் வாந்தி வந்தது. முந்தைய இரவிலிருந்து எதுவும் கொடுக்கவில்லை என்று வீட்டார் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். வெளியே வந்ததோ காலை இட்லி. உடனே தலையைத் தாழ்த்தி, வாயைத் துடைத்து, மூச்சுக்குழலைக் காத்ததால் நாய் பிழைத்தது, அறுவையைத் தள்ளிவைத்தோம். தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றதால் வீட்டுப் பாட்டி கொடுத்திருக்கிறார். “பாவமா இருந்துச்சு டாக்டர்” என்றார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. பட்டினி ஏன் என்பதைக் கையெழுத்திட்டவரிடம் மட்டும் சொல்லி அனுப்பியது என் தவறு. இப்போது வீட்டில் யார் சோறு வைக்கிறார்களோ அவரிடமே பேசுகிறேன்.

மயக்கத்தில் விழுங்கும் அனிச்சைச் செயல் நின்றுவிடுவதால், இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் மூச்சுத் திணறலும் நிமோனியாவும் வரும். சில வேளை உயிரும் போகும். காலையில் அறுவை என்றால், வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் முந்தைய இரவு உணவே கடைசி உணவாக இருக்கட்டும். தண்ணீரைப் பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன்புவரை வைக்கலாம். சில மாதக் குட்டிகளுக்கு நீண்ட பட்டினியால் இரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால், அவற்றுக்கான நேரத்தை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி போட்டால் அதன் குடல் இயக்கமே நின்றுபோகலாம், எனவே அதற்குப் பட்டினி கூடாது. தவறிப்போய் எதையாவது கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவைத் தேதியை மாற்றிவைப்பது எங்களுக்குச் சிரமமே இல்லை.

இரத்தப் பரிசோதனையை வீண் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் பரவலாக இருப்பதால், துள்ளி விளையாடும் நாய்க்கும் இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கக்கூடும். அது தெரியாமல் கத்தி வைத்தால் இரத்தம் உறையாமல் கசியும். அரிப்புக்காக முன்பு போட்ட ஸ்டீராய்டு ஊசி, எப்போதோ வந்த வலிப்பு, அண்மையில் முடிந்த பருவ இரத்தப்போக்கு ஆகியவற்றையும் சொல்லுங்கள். பக் போன்ற தட்டை மூக்கு நாய் குறட்டை விடுவதும் எங்களுக்கு முக்கியமான தகவல்தான்.

அறுவை மேசையில் எங்கள் வேலை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகான இரண்டு வாரங்கள் உங்கள் கையில். முதல் இரவு உடல் வெப்பம் குறைந்து தள்ளாடும் என்பதால், கட்டிலிலோ சோபாவிலோ ஏற்றாமல், தரையில் போர்வை விரித்து, வெளிச்சமும் சத்தமும் குறைந்த அறையில் படுக்கவையுங்கள். நன்றாக விழித்து நிற்கத் தொடங்கிய பிறகு முதலில் சிறிது தண்ணீரும், பின்னர் வழக்கத்தில் பாதி அளவு குழைந்த சோறும் போதும். மூச்சுக்குழலில் குழாய் செலுத்தியிருந்தால் ஓரிரு நாள் இலேசான இருமல் இருக்கலாம்.

தையலை நக்காமலிருக்க நாங்கள் மாட்டிவிடும் கழுத்துக் கூம்பை வீட்டார் கழற்றுவதற்கும் காரணம் அதே “பாவம்” தான். நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கை வேறு சேர்ந்துகொள்கிறது. உண்மையில் பத்து நிமிடம் நக்கினால் தையல் பிரியும், கிருமியும் ஏறும். சாப்பிடும்போது அருகில் உட்கார்ந்துகொண்டு கழற்றலாம். முடித்ததும் மாட்டிவிட வேண்டும். மஞ்சள், சாம்பல், தேங்காய் எண்ணெய் எதையும் தையல்மீது தடவாதீர்கள். வாசலில் கட்டிவைக்கும் நாய் என்றால் அந்த நாட்களில் வீட்டுக்குள் வைத்திருங்கள்; ஈ மொய்த்த காயத்தில் ஓரிரு நாளிலேயே புழு வைத்துவிடும்.

இரக்கத்தால் நேரும் மிகக் கொடிய தவறு, நாம் போடும் வலி மாத்திரையை அதற்கும் கொடுப்பது. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரையில் முகம் வீங்கி, ஈறு பழுப்பு நிறமாகி இறந்துவிடக்கூடும். நாய்க்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்தால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். வலி இருப்பதாகத் தோன்றினால் எந்நேரமானாலும் மருத்துவரை அழையுங்கள். விலங்குக்கென்றே பாதுகாப்பான வலி மருந்துகள் இருக்கின்றன. ஈறு வெளுத்தல், வயிறு உப்புதல், தையலிலிருந்து இரத்தமோ சீழோ சொட்டுதல், ஓயாத வாந்தி ஆகியவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பூனை ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தாலும் எங்களுக்குத் தெரியவேண்டும்.

தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாட்களில் பிரிப்போம். அதுவரை குளிப்பாட்ட வேண்டாம். மேல்தோல் கூடிவிட்டாலும் உள்ளே வயிற்றுத் தசை வலுப்பெற இன்னும் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே தையல் பிரித்த அன்றே மாடிப்படி ஏற்றவோ, கடற்கரையில் ஓடவிடவோ வேண்டாம். பிரித்த பிறகு முதல் வாரம் கயிற்றைப் பிடித்தபடி தெருமுனைவரை நடத்திக் கூட்டி வாருங்கள்.