புது மாடல் பிரேமும் பாம்பன் வெயிலும்

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு கம்பெனி விற்பனையாளர் நாலு பெட்டி பிரேம்களோடு வந்து இறங்கினார். ராமநாதபுரத்தில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற வேலையில் எனக்குப் பதினேழு வருஷம் ஓடிவிட்டது. இன்னும் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் சின்னப் பிள்ளை மாதிரி எட்டிப் பார்ப்பேன். தட்டுத் தட்டாக எடுத்து வைத்தார். ஒரு தட்டு முழுக்க நீலமும் பச்சையும் குழைந்த, வெளிச்சம் ஊடுருவுகிற பிரேம்கள். "சார், இந்தக் கலெக்‌ஷனுக்கு இன்ஸ்பிரேஷன் கடல்" என்றார்.

அப்போது கடைக்குள் பாம்பன் அண்ணன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். வலது கண்ணில் மூக்குப் பக்கமிருந்து சதை வளர்ந்து கருவிழியின் ஓரத்தைத் தொட்டிருந்தது. சட்டைப் பையில் திருவிழாக் கடையில் வாங்கிய ஒரு கூலிங் கிளாஸ். விற்பனையாளர் சொன்னதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கடலப் பாத்துக் கண்ணாடி செஞ்சிருக்காங்களா தம்பி? கடலுக்குப் போறவனப் பாத்து யாராச்சும் செஞ்சிருக்காங்களா?"

செய்திருக்கிறார்கள். இன்றைக்கு டிசைனர் மாடல் என்று விளக்குப் போட்டு வைக்கிற வடிவங்களில் பல, யாரோ ஒருவருக்கு வேலை செய்கிற இடத்தில் கண் கூசியதால் பிறந்தவை. பிறகு வடிவம் மட்டும் ஊர் ஊராகப் பயணம் செய்து நம் வரைக்கும் வந்தது. கூச்சத்தைத் தடுத்த லென்ஸ் பாதி வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

ஏவியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் போலீஸ் அதிகாரி வேஷம் என்றாலே அதுதான். 1930களில் அமெரிக்க விமானிகளுக்கு மேகத்துக்கு மேலே வெளிச்சம் தாங்க முடியவில்லை. பாஷ் அண்ட் லாம்ப் கம்பெனி அவர்களுக்காகப் பச்சை லென்ஸ் வைத்துச் செய்ததுதான் 1937இல் ரே-பான் என்று பொதுமக்களுக்கும் விற்பனைக்கு வந்தது. அந்தக் கண்ணாடி ஏன் கண்ணீர்த்துளி மாதிரி கன்னம் வரை இறங்குகிறது? விமானி அடிக்கடி குனிந்து கருவிப் பலகையைப் பார்ப்பார். கண் கீழே போனாலும் லென்ஸை விட்டு வெளியே போகக் கூடாது. வலையைக் குனிந்து பார்த்து, நிமிர்ந்து கடலைப் பார்க்கிறவருக்கும் அதே தேவைதான்.

நம் கடற்கரைக்கு இன்னும் நெருக்கமான சரக்கு போலரைஸ்டு லென்ஸ். எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர் 1929இல் கண்டுபிடித்த தகட்டிலிருந்து வந்தது. தண்ணீரில் சாய்வாகப் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பெரும்பாலும் படுக்கைவாட்டில் அதிரும். நெடுக்குக் கம்பி போட்ட ஜன்னலுக்குள் ஒரு கம்பைப் படுக்கையாக நீட்டினால் உள்ளே போகுமா? இந்த லென்ஸ் செய்வதும் அதுதான். பளபளப்பு வடிந்துவிடும், தண்ணீருக்குள் இருக்கிறது தெரியும். பெண் கடல் என்று நாங்கள் சொல்கிற பாக் விரிகுடா அசையாமல் கண்ணாடித் தகடு மாதிரிக் கிடக்கிற காலை நேரத்தில் போட்டுப் பார்த்தவர்கள் மறுபடி சாதாரணக் கண்ணாடிக்குப் போக மாட்டார்கள்.

எல்லாமே வேலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. பூனைக்கண் பிரேம், அதாவது இரண்டு மூலையும் மேலே தூக்கி நிற்கிற கேட்-ஐ, சுத்தமான அழகுச் சரக்கு. நியூயார்க்கில் கடைகளின் காட்சிச் சாளரங்களை அலங்கரித்துக்கொண்டிருந்த அல்டினா ஷினாசி என்ற பெண், அன்றைக்குப் பெண்களுக்கு நல்ல கண்ணாடி வடிவமே இல்லையே என்று யோசித்து, வெனிஸ் நகரத் திருவிழா முகமூடியைப் பார்த்து 1930களில் வரைந்தது. அதில் எனக்குக் குறையில்லை. கீழக்கரையில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணும் அம்மாவுமாக வந்து ஆளுக்கொன்று எடுத்துப் போகிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். முக்காட்டுக்குள் போடுகிறவர்கள் காதுப் பக்கம் வருகிற கம்பி மெலிசாக, நேராக இருக்கிறதைப் பாருங்கள். தடிமனான கம்பி துணிக்குள் அழுத்தி, சாயங்காலம் காதுக்குப் பின்னால் வலிக்கும். தலைவலி என்று வந்த இரண்டு மூன்று பேருக்குப் பவரில் ஒரு தப்பும் இருக்கவில்லை, கம்பிதான் காரணம்.

அடுத்த தட்டில் தேன் நிறமும் கருப்பழுப்புமாகப் புள்ளி போட்ட பிரேம்கள். வருஷா வருஷம் 'புதுசு' என்று வருகிற பழசு இது. ஆங்கிலப் பெயர் டார்டாய்ஸ் ஷெல். அந்த ஆமை எது தெரியுமா? நம் மன்னார் வளைகுடாவிலும் இருக்கிற அழுங்காமை. ஒரு காலத்தில் அதன் ஓட்டைச் சூடாக்கி வளைத்துச் சீப்பும் பெட்டியும் கண்ணாடிச் சட்டமும் செய்தார்கள். இப்போது இந்தியாவில் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிரினம் அது. உலக அளவிலும் அதன் ஓட்டு வணிகத்துக்குத் தடை. அந்தப் புள்ளிகளை இன்றைக்கு அசிடேட்டில் கொண்டுவருகிறார்கள். பருத்தியிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் எடுக்கிற செல்லுலோஸில் செய்கிற பொருள். வேடிக்கை என்னவென்றால், கடைக்காரர்கள் நாங்கள் எந்தப் பிளாஸ்டிக் பிரேமையும் இன்னும் 'ஷெல் பிரேம்' என்றுதான் சொல்கிறோம். ஆமை போய்விட்டது, பேர் மட்டும் நிற்கிறது.

வலையிலிருந்தும் பிரேம் வருகிறது. 2018இல் அமெரிக்காவின் கோஸ்டா கம்பெனி, சிலி நாட்டுக் கடற்கரையில் கழித்துப் போட்ட மீன்வலைகளைச் சேகரிக்கிற ப்யூரியோ என்ற நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு கலெக்‌ஷன் கொண்டுவந்தது. கோஸ்டாவே மீன்பிடிப்பவர்களுக்காகத் தொடங்கிய கம்பெனி. நம் வலையும் நைலான்தான், கரையில் குவிந்து கிடப்பதும் நைலான்தான். ஒரு பிரேமுக்கு எவ்வளவு வலை போய்விடும், ஒரு கைப்பிடி இருக்குமா? அந்த விலை கொடுத்து அதை வாங்கு என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் பவளப்பாறையில் சிக்கிக் கிடக்கிற தங்கூசி வலையை, அதாவது ஒற்றை இழை நைலான் வலையைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை பிடிக்கும்.

சரி, இப்போது லென்ஸுக்கு வருவோம். அண்ணன் பையில் இருந்த கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். வடிவம் அசல் ஏவியேட்டர், ஓரத்தில் பெரிய பெயரும் பொறித்திருந்தது. யுவி மீட்டரில் வைத்தேன். புற ஊதாக் கதிரில் பெரும் பகுதி தாராளமாக உள்ளே வந்தது. வெறும் கருப்புச் சாயம்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரிக் கருப்புக் கண்ணாடியைப் போடுவது, ஒன்றும் போடாமல் இருப்பதைவிட மோசமாகிவிடலாம். இருட்டாகத் தெரிந்தால் கண்மணி விரியும். விரிந்த கண்மணி வழியே அதிகக் கதிர் உள்ளே போகும். கண்ணும் கூசாததால் வெயிலை நேராகப் பார்த்துக்கொண்டே இருப்போம். நிறத்துக்கும் புற ஊதாத் தடுப்புக்கும் சம்பந்தமே இல்லை. நிறமே இல்லாத வெள்ளை லென்ஸிலும் முழுத் தடுப்பு இருக்கலாம், கரிக்கருப்பிலும் இல்லாமல் இருக்கலாம். கேட்க வேண்டிய சொல் 'யுவி 400'. 400 நானோமீட்டர் வரைக்கும் தடுக்கும் என்று அர்த்தம். சொன்னால் மட்டும் போதாது, மீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டுவதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. காட்ட முடியாது என்றால் அடுத்த கடை.

போலரைஸ்டா இல்லையா என்பதை நீங்களே பார்க்கலாம். போனில் வெள்ளைத் திரையை வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியே பார்த்தபடி போனை மெதுவாகச் சுற்றுங்கள். ஏதாவது ஒரு சாய்வில் திரை கருத்துப்போனால் போலரைஸ்டு. ஆனால் போலரைஸ்டு என்பதும் யுவி 400 என்பதும் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

நம் பக்கம் வெயில் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கில், காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழுகிற புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது. தலையில் துண்டு கட்டினாலும் கீழேயிருந்து வருவதைத் துண்டு தடுக்காது. வாலிநோக்கம் உப்பளத்தில் வெள்ளைப் பாத்திக்கு நடுவில் நிற்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

கண்ணில் சதை வளர்வதை டெரிஜியம் என்போம். வெயில், காற்று, மணல் மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. அது ஏன் பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலேயே வளர்கிறது என்று பலர் கேட்பார்கள். காதுப் பக்கமிருந்து சாய்வாக வருகிற வெளிச்சத்தைக் கருவிழியின் வளைவு ஒரு லென்ஸ் மாதிரிக் குவித்து, மறுபுறம் மூக்குப் பக்க ஓரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது என்பது ஏற்கப்பட்ட ஒரு விளக்கம். அதனால்தான் படகுக்குப் போகிறவர்களுக்கு முன்னால் மட்டும் மறைக்கிற தட்டைப் பிரேம் வேண்டாம் என்கிறேன். பக்கவாட்டையும் சுற்றி வருகிற வளைந்த பிரேம்தான் சரி. இந்த இடத்தில் டிசைன் என்பது ஆடம்பரம் கிடையாது.

கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விடுகிற பழக்கம் இங்கே நிறைய. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு போகும், ஆனால் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறி நரம்பு கெடலாம், புரையும் வரலாம். நான் ஆப்டோமெட்ரிஸ்ட். சதையை எடுக்க வேண்டுமா, இப்படியே விடலாமா என்பதைக் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எடுத்த பிறகும் திரும்ப வளரக்கூடியது அது. அண்ணனுக்கும் கையோடு மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

உப்புக்காற்றில் மலிவான உலோகப் பிரேம் நிற்காது. ஆறு மாதத்தில் மூக்கில் உட்காருகிற இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும், சிலருக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் வரும். டைட்டானியம் நல்லது, விலை அதிகம். டிஆர்-90 என்கிற நைலான் வகை லேசாக இருக்கும், வளைந்து கொடுக்கும், நம் பக்கத்துக்குப் பொருத்தம். ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கடலிலிருந்து வந்ததும் உப்புப் படிந்த லென்ஸைச் சட்டை நுனியில் துடைப்பது. உப்புத் துகள் உப்புக்காகிதம் மாதிரிதான் தேய்க்கும். முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் துடையுங்கள்.

அண்ணன் கடைசியில் கடல் நிறத் தட்டைத் தொடவே இல்லை. பழுப்பு போலரைஸ்டு லென்ஸ் போட்ட, வளைந்த டிஆர் பிரேம் ஒன்றை எடுத்தார். கொடுப்பதற்கு முன் என் போனை அவர் முகத்துக்கு முன்னால் திருப்பிக் காட்டினேன், திரை கருத்தது. "படகு ஜிபிஎஸ்ஸும் சில சமயம் இப்படித்தான் தெரியும்ணே, தலையைச் சாய்ச்சுப் பாருங்க, இல்லேன்னா கழட்டிருங்க. ராத்திரி வேண்டவே வேண்டாம்" என்றேன்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இரண்டு கம்பியிலும் வலை நூலைக் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். தண்ணிக்குள் பாசி தெரிகிறதாம், முதல் தடவை தொட்டுப் பார்க்கலாம் போல இருந்ததாம். வந்த விஷயம் வேறு. "வீட்டுல பாசி எடுக்கப் போறாங்க தம்பி. முங்குறப்ப போடுற கண்ணாடில தூரம் மங்கலாத் தெரியுதாம். அதுல பவர் போட்டு வருமா?"

வரும். கிட்டப்பார்வைக்குப் பவர் வைத்த நீச்சல் கண்ணாடி சந்தையில் இருக்கிறது. மறுநாளே அந்த அக்காவை வரச்சொல்லிப் பார்த்ததில், இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.50. அன்றைக்கே மதுரை விற்பனையாளருக்குப் போன் போட்டேன். கடல் கலெக்‌ஷனில் அது இல்லை சார், தேடித்தான் பார்க்கணும் என்றார். தேடச் சொல்லியிருக்கிறேன்.