வாஷிங்டன்: நிலப்பெயரா, உடைப்பெயரா?

கிரிக்கெட் ஸ்கோர் பலகையில் 'டபிள்யூ. சுந்தர்' என்று போடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம்ம தமிழக வீரர் வாஷிங்டன் சுந்தரைத்தான் சொல்கிறேன், சுந்தர் அவருடைய அப்பா பெயர். பையன் பெயர் வாஷிங்டன். அப்பாவின் இளமையில் படிப்புக்கும் கிரிக்கெட்டுக்கும் கைகொடுத்த, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் நினைவாக 1999இல் பிறந்த மகனுக்கு வைத்த பெயர் அது, அமெரிக்கத் தலைநகரை நினைத்து வைத்ததல்ல. வெளிநாட்டு வர்ணனையாளருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? கடைசியில் நிற்பது குடும்பப் பெயர் என்ற கணக்கில் அவர் பாட்டுக்கு அப்பாவையே பந்துவீசக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். வேடிக்கை என்னவென்றால், அந்த இரண்டில் அசல் ஆங்கிலக் குடும்பப் பெயர் முன்னால் நிற்கிற வாஷிங்டன்தான். அதுவும் ஓர் ஊரின் பெயரில் இருந்து பிறந்த குடும்பப் பெயர்.

முதலில் சர்நேம் என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது, 'சுர்' என்றால் மேல், 'நோம்' என்றால் பெயர், ஆக மேற்பெயர், அதாவது இருக்கிற பெயருக்கு மேலே இன்னொன்று. 'சர்' பட்டத்தோடு இதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு, அது தவறு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நிலப்பிரபுக்களிடம் முதலில் ஒட்டிக்கொண்ட இந்த வழக்கம், மெல்ல மெல்லக் கீழே இறங்கி 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்கும் வந்து சேர்ந்தது. தமிழில் குடும்பப் பெயர் என்று சொல்கிறோம், தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவது என்ற பொருள் அதில் இருப்பதால் அதுவே போதும். சிலர் குலப்பெயர் என்று எழுதுகிறார்கள், இன்னும் சிலர் சாதிப்பெயர் என்றே எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கு இரண்டுமே பொருந்தாது.

ஆனால் ஊர் வழியாக வந்த குடும்பப் பெயரை மட்டும் தனியாகக் குறிக்க ஆங்கிலத்தில் 'டோப்பொனிமிக் சர்நேம்' என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன? புதிதாகச் சொல் செய்யத் தேவையே இல்லை, தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. சொல்லதிகாரத்துப் பெயரியலில் மக்கட்பெயர்களை வகைப்படுத்தும்போது, 'நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே வினைப்பெயர் உடைப்பெயர் பண்புகொள் பெயரே' என்று அடுக்கிக்கொண்டு போகிறது நூற்பா. உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள் இன்னும் அருமை. நிலப்பெயருக்கு அருவாளன், சோழியன். வினைப்பெயருக்குத் தச்சன், கொல்லன். பண்புகொள் பெயருக்குக் கரியான், செய்யான். ஆங்கிலக் குடும்பப் பெயர்களை இதே பெட்டிகளில் போட்டுப் பாருங்கள், ஸ்மித் என்றால் கொல்லன், வினைப்பெயர், பிரௌன் என்பது நிறத்தால் வந்தது, பண்புகொள் பெயர். அழகாக உட்கார்ந்துகொள்கின்றன.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். உடைப்பெயருக்கு உரையாசிரியர்கள் தருவது அம்பர்கிழான், பேரூர்கிழான். அம்பரும் பேரூரும் ஊர்கள்தானே, அப்படியானால் இவை நிலப்பெயர் ஆகாதா? ஆகாது. சோழ நாட்டில் இருந்து வந்தவன் சோழியன், ஆனால் அம்பர்கிழான் அம்பரில் இருந்து வந்தவன் இல்லை, அம்பரை உடையவன். ஊர்ப்பெயர் ஒருவர் மேல் ஏறுவதற்கு இப்படி இரண்டு வழிகள் உண்டு, இங்கிலாந்திலும் இதே கதைதான். ஓர் ஊரில் இருக்கும்வரை யாரும் உங்களை அந்த ஊர்ப்பெயரால் கூப்பிடப் போவதில்லை, அங்கே எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள்தான். ஊரைவிட்டு வேறெங்கோ போய்க் குடியேறினால்தான் அந்தப் பெயர் ஒட்டும், அது நிலப்பெயர். மாறாக ஊரையே கையில் வைத்திருந்த நிலப்பிரபு, உள்ளூரில் இருந்தபடியே அந்தப் பெயரைச் சூடிக்கொள்வார், அது உடைப்பெயர். வாஷிங்டன் இரண்டாவது வகை.

ஊர் இங்கிலாந்தின் வடகிழக்கில், வேர் ஆற்றுக்குப் பக்கத்தில், பழைய டர்ஹாம் கவுண்டியில் இருக்கிறது, இன்றைக்கு அது சண்டர்லாந்து மாநகரத்தில் சேர்த்தி. 12ஆம் நூற்றாண்டில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்றொரு பிரபு இருந்தார், பெயரிலேயே தெரிகிறது, ஹெர்ட்பர்ன் என்ற ஊர் அவர் கையில் இருந்தது. டர்ஹாம் ஆயரோடு அவர் ஒரு மாற்று செய்துகொண்டார், ஹெர்ட்பர்னைக் கொடுத்துவிட்டு வாஷிங்டனை வாங்கிக்கொண்டார். டர்ஹாம் ஆயரின் நிலங்களை அளந்து எழுதிய 1183ஆம் ஆண்டுக் கணக்கேடு ஒன்று இருக்கிறது, போல்டன் ஏடு என்பார்கள், அதில் இந்த மாற்று பதிவாகியிருக்கிறது. வாஷிங்டனுக்கு ஈடாக வில்லியம் ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும், அதோடு ஆயரின் பெரிய வேட்டைக்கு 4 வேட்டை நாய்களோடு வந்து நிற்கவும் வேண்டும். ஊர் மாறியதும் பெயரும் மாறியது, குடும்பம் 'டி வெஸ்ஸிங்டன்' ஆயிற்று. அந்த மாற்று நடக்காமல் போயிருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயர் இன்று ஹார்ட்பர்ன், ஹெர்ட்பர்னின் இன்றைய வடிவம் அதுதான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு மானோடை என்று பொருள், கேட்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் இன்றைய ஆங்கிலக் காதுக்கு நெஞ்செரிச்சல் என்றுதான் விழும். நெஞ்செரிச்சலில் இருந்து ஆட்சி நடத்தும் குடியரசுத் தலைவர்! தப்பித்தார்கள்.

சொல்லைப் பிரிப்போம். பழைய ஆங்கிலத்தில் இது 'ஹ்வேசிங்கதூன்' என்பது போன்ற வடிவம். ஹ்வேசா என்பது ஓர் ஆளின் பெயர், நடுவில் இருக்கிற 'இங்' அவரைச் சேர்ந்த கூட்டம், நாம் வகையறா என்போமே அது, கடைசியில் 'தூன்'. அந்த ஆளின் பெயரைத் தமிழில் எழுதினால் உவேசா என்று வந்து நிற்கிறது. தமிழ்த் தாத்தாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது டர்ஹாமில் ஏடு தேடப் போய்விடுவார்கள்.

தூன் என்பதுதான் இன்றைய ஆங்கிலத்தில் டவுன், ஆனால் அதன் முதற்பொருள் நகரம் இல்லை, வேலி. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல் இன்றைக்கும் வேலியையே குறிக்கிறது, டச்சில் தோட்டம் ஆகிவிட்டது. வேலியடைத்த இடம், அப்புறம் அதற்குள் இருந்த பண்ணை, அப்புறம் பண்ணையைச் சுற்றி வளர்ந்த சிற்றூர், கடைசியாக நகரம் என்று ஆங்கிலத்தில் அந்தச் சொல் வளர்ந்தது. இதற்குத் தமிழில் ஊர் என்று எழுதினால் பொருள் தப்பில்லை, ஆனால் பட்டி என்றால் இன்னும் நெருக்கம். ஆடுமாடு அடைக்கிற இடமும் பட்டி, உசிலம்பட்டியும் பட்டி, அடைப்பு ஊரான அதே கதைதான் அங்கேயும். ஆக வாஷிங்டன் என்றால் உவேசா வகையறாப் பட்டி. இப்படிப் பார்த்தால் நியூட்டன் புதுப்பட்டி, நார்ட்டன் வடக்குப்பட்டி, சட்டன் தெற்குப்பட்டி, இளவரசி கேட் மிடில்டன் பிறந்த வீடு நடுப்பட்டி.

நியூட்டனுக்கும் வாஷிங்டனுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு. நம்மூரில் எத்தனை புதுப்பட்டியோ அதுபோல இங்கிலாந்திலும் நியூட்டன் என்ற ஊர்கள் ஏகப்பட்டவை, ஆகவே நியூட்டன் என்ற குடும்பப் பெயர் பல இடங்களில் தனித்தனியாக முளைத்தது, இரண்டு நியூட்டன்கள் சந்தித்தால் சொந்தம் கொண்டாட முடியாது. வாஷிங்டன் அப்படி இல்லை. தெற்கே சசெக்ஸில் இன்னொரு வாஷிங்டன் உண்டு, ஆனால் வரலாற்றில் பேர்போன குடும்பம் டர்ஹாம் பக்கத்துக்காரர்கள்தான். அந்தக் குடும்பப் பெயரைத் தாங்கிய ஜான் வெஸ்ஸிங்டன் 1416 முதல் 1446 வரை டர்ஹாம் பேராலயத்தின் மடத்துத் தலைவராக இருந்தார்.

பிறகு ஒரு கிளை லங்காஷைர் வழியாகத் தெற்கே நகர்ந்தது. அதில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வணிகர், நார்தாம்ப்டன் நகர மேயராகவும் இருந்தவர், எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்து நிலங்களை விற்றபோது 1539இல் சல்கிரேவ் என்ற ஊரை வாங்கி வீடு கட்டினார். அந்தக் குடும்பச் சின்னத்தில் வெள்ளைப் பின்னணியில் மூன்று சிவப்பு நட்சத்திரமும் இரண்டு சிவப்புப் பட்டையும் இருக்கும். அமெரிக்கக் கொடியே இதைப் பார்த்துத்தான் வந்தது என்று அடித்துச் சொல்வார்கள், அதற்குச் சான்று கிடையாது. ஆனால் வாஷிங்டன் நகரத்தின் கொடி, 1938இல் ஏற்றது, இதே சின்னம்தான்.

அமெரிக்காவுக்குப் பெயர் போன விதமும் கௌரவமானது இல்லை. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில், இன்னொரு லாரன்ஸ் வாஷிங்டன், எசெக்ஸில் பாதிரியாராக இருந்தவர், அரசர் பக்கம் சாய்ந்தவர் என்றும் குடிகாரர் என்றும் குற்றம்சாட்டப்பட்டு 1643இல் வேலையிழந்தார். அவர் மகன் ஜான் வணிகக் கப்பலில் வர்ஜீனியா போனார், 1657இல் திரும்பும்போது கப்பல் போட்டோமாக் ஆற்றில் தரைதட்டியது, ஆள் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ் வாஷிங்டன்.

ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. இருந்தும் பெயர் மட்டும் பெருகியது. 1791இல் புதிய தலைநகருக்கு வைத்தார்கள். 1853இல் மேற்கே ஒரு புதிய ஆட்சிப்பகுதிக்கு, இன்றைய வாஷிங்டன் மாநிலம் அதுதான், கொலம்பியா என்று பெயர் வைக்கப் போய், தலைநகர் இருக்கிற கொலம்பியா மாவட்டத்தோடு குழம்பிவிடும் என்று பயந்து வாஷிங்டன் என்று மாற்றினார்கள். குழப்பம் எந்த அளவுக்குத் தீர்ந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஆட்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் 1,63,036 பேர், அவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். பரவலான பெயர்களில் இவ்வளவு உயர்ந்த விகிதம் வேறு எதற்கும் இல்லை, அடுத்து வந்த ஜெஃபர்சனே 75 விழுக்காடுதான். பிறந்த மண்ணான இங்கிலாந்திலோ இது அரிதான பெயர். டென்சல் வாஷிங்டன், 1983இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான ஹரால்ட் வாஷிங்டன் என்று நமக்குத் தெரிந்த முகங்களே இதைச் சொல்லும்.

எப்படி? எல்லாரும் ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைகள் வழிவந்தவர்கள், முதலாளி பெயரை வைத்துக்கொண்டார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிடுவது வழக்கம். கணக்கு உதைக்கிறது. 1799இல் அவர் இறந்தபோது மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள், அவர்களில் அவருக்கே சொந்தமானவர்கள் 123 பேர், இவர்களைத்தான் உயிலில் விடுவித்தார். இந்தச் சில நூறு பேரில் இருந்து மட்டும் இத்தனை பெரிய கூட்டம் வந்திருக்காது. விடுதலைக்குப் பிறகு பலர் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட பெயர் இது.

புக்கர் டி. வாஷிங்டன் கதை அதற்குச் சாட்சி. பின்னாளில் கறுப்பினக் கல்வியாளராகப் பேர்பெற்ற அவர் 1856இல் அடிமையாகப் பிறந்தவர், விடுதலைக்குப் பின் பள்ளிக்கூடம் போனார். வருகைப் பதிவில் மற்ற பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், சிலருக்கு மூன்று, இவருக்கு ஒன்றே ஒன்று. ஆசிரியர் கேட்டதும், பிறந்ததில் இருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது போல 'புக்கர் வாஷிங்டன்' என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். அவருடைய வளர்ப்புத் தந்தையின் பெயர் வாஷிங்டன் ஃபெர்கூசன், அதாவது அங்கே வாஷிங்டன் என்பது முதற்பெயர். அப்பாவின் பெயர் பிள்ளைக்குப் பின்பெயர் ஆகியிருக்கிறது, நம்மூர் வழக்கம் மாதிரியே!

மவுண்ட் வெர்னானில் இருந்தே ஒருவர் உண்டு, ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவில் பிறந்து, ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமையாகி, 1776இல் தப்பியோடிப் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர். முதலாளி அமெரிக்க விடுதலைக்குப் படை நடத்துகிறார், அடிமை தன் விடுதலைக்கு எதிர்ப்படைக்குப் போகிறார். 1783இல் நோவா ஸ்கோஷியா, 1792இல் சியரா லியோன், அங்கே வரியை எதிர்த்து நடந்த 1800ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலும் அவர் இருந்தார். தப்பியோடியவர் அந்தப் பெயரை விட்டுவிடவில்லை, முழுப்பெயராகவே வைத்துக்கொண்டார். ஊரை உடையவன் என்று காட்டச் சூடிய பெயர், உடைமையாக எழுதப்பட்ட ஒரு மனிதரின் பெயராக இருந்திருக்கிறது.

இதையெல்லாம் வைத்து என் பரிந்துரை. பொதுவாக எழுதுவதானால் ஊர்வழிக் குடும்பப் பெயர் என்று எழுதலாம், படித்ததும் புரியும். கட்டுரையில் கொஞ்சம் துல்லியமாக வேண்டும் என்றால், ஊரில் இருந்து வந்ததால் ஒட்டியதை நிலப்பெயர் என்றும், ஊரை வைத்திருந்ததால் ஒட்டியதை உடைப்பெயர் என்றும் பிரித்து எழுதுங்கள், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெட்டி, நம்மிடம் இரண்டு இருக்கிறது. இடப்பெயர் என்று மட்டும் போடாதீர்கள், அது ஊரின் பெயரைக் குறிக்கும், ஆளின் பெயரை அல்ல. வாஷிங்டனை அப்படியே வாஷிங்டன் என்று எழுதுவதுதான் சரி. ஆள் பெயரை மொழிபெயர்க்கத் தொடங்கினால் புவியீர்ப்பைக் கண்டுபிடித்தவர் புதுப்பட்டியார் என்று விடைத்தாளில் எழுத வேண்டிவரும், மதிப்பெண்ணுக்கு நான் பொறுப்பில்லை.