சண்டை முடிந்த பிறகு பிள்ளையிடம் என்ன சொல்கிறீர்கள்?

"படிப்பில் கவனமே இல்லை, எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறான், என்னன்னு பாருங்க" என்று என்னிடம் ஆலோசனைக்குப் பிள்ளையை அழைத்து வருகிற பெற்றோரிடம், நீங்கள் இருவரும் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பலருக்குக் கோபம் வரும். "அவன் முன்னாடி நாங்க சண்டையே போடமாட்டோம்" என்பார்கள். சரி, சத்தம் இருக்காது. ஆனால் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல், "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு", "சாவி எங்கேன்னு உங்க அம்மாகிட்ட கேளு" என்று பிள்ளையை நடுவில் நிறுத்தியே குடும்பம் நடந்துகொண்டிருக்கும்.

என்னிடம் வந்த ஒரு பெண்பிள்ளை வீட்டில் எப்போதும் காதில் ஹெட்செட் மாட்டியிருப்பாள், ஆனால் பாட்டு ஓடாது. ஏன் என்று கேட்டேன். "பாட்டுப் போட்டா அப்பாவும் அம்மாவும் என்ன பேசிக்கிறாங்கன்னு காதுல விழாதே" என்றாள். புத்தகம் கண்முன்னே திறந்திருக்கிறது, காது அடுத்த அறையில் இருக்கிறது. இப்படிப் பொழுதன்றைக்கும் உஷாராக இருக்கிற பிள்ளைக்குப் பாடம் எப்படி மண்டையில் ஏறும்?

டேவிஸ், கம்மிங்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 1994இல் முன்வைத்த கருத்து எனக்கு இன்றும் கைகொடுக்கிறது. இந்தக் குடும்பம் நிலைக்குமா என்ற பயம்தான் பிள்ளையை அரிக்கிறது என்பது அதன் சாரம். கருத்து வேறுபாடு இல்லாத வீடு கிடையாது, அது தீர்ந்ததைப் பிள்ளை பார்த்ததா என்பதுதான் முக்கியம். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு சமாதானம் ஆனால் போதாது, "நேத்து ரெண்டு பேரும் கத்திட்டோம், பேசித் தீர்த்துட்டோம், இதுக்கு நீ காரணம் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் பல பிள்ளைகள் தன்னால்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "உனக்காகத்தான் சேர்ந்து வாழறோம்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அந்தப் பாரத்தை எந்தப் பிள்ளையாலும் தாங்க முடியாது. அடி, மிரட்டல் இருக்கிற வீட்டுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. அங்கே பாதுகாப்புதான் முதலில்.

10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் 7 பேரில் ஒருவருக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரலாம், நாம் அதைத் திமிர் என்று நினைத்துவிடுகிறோம். தூக்கம், பசி, நண்பர்களோடு பழகுவது இவையெல்லாம் மாறி இரண்டு வாரம் ஆகிவிட்டதென்றால் காத்திருக்க வேண்டாம். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் பிள்ளையைத் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், முடிந்தால் இருவருமாக.