அலையாத்திக் காட்டைக் காக்க ஊருக்கு உரிமை உண்டு: ‘சி’ படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் கன்று நட ஆள் வேண்டும் என்றால் ஊர்ப் பெண்களைக் கூப்பிடுவார்கள். மீன்முள் மாதிரி வாய்க்காலும் கிளை வாய்க்காலும் வெட்டிய இடத்தில், முழங்கால் சேற்றில் நின்று கன்று ஊன்றுவது அவர்கள்தான். ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். மரம் ஆள் உயரம் வந்ததும் ஒரு பலகை வரும்: ‘அனுமதியின்றி நுழைவது குற்றம்.’ அப்புறம் நண்டு பிடிக்கப் போன அதே பெண்ணின் கையில் அபராத ரசீது.

ராமநாதபுரம் மாவட்டக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுவது பலருக்குத் தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் துறை பார்த்துச் செய்கிற ஏற்பாடு வேறு, சட்டம் கொடுக்கிற உரிமை வேறு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்க, மீட்டு வளர்க்க, நிர்வகிக்க ஊருக்கே உரிமை தருகிறது. அதற்குச் சமூக வன வள உரிமை என்று பெயர். நீர்நிலைகளில் மீன் பிடிக்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது. பின்னணி இவ்வளவு போதும். இனி ‘சி’ படிவத்தில் இந்த உரிமையைக் கேட்டுப் போனால் அலுவலகத்தில் கேட்கப்போகும் பதில்களைப் பார்ப்போம்.

முதல் பதில், “இது பழங்குடிகளுக்கான சட்டம், மீனவர்களுக்கு இல்லை.” தவறு. சட்டத்தின் பெயரிலேயே ‘பிற பாரம்பரிய வனவாசிகள்’ இருக்கிறார்கள். 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே இருந்து காட்டை நம்பிப் பிழைத்தவர்கள் என்று காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930 வரை போகிறது. இங்கேதான் பலரை மடக்குகிறார்கள்: “1930லிருந்து இந்த இடம் உங்கள் கையில் இருந்ததற்குப் பத்திரம் எங்கே?” அப்படிச் சட்டம் கேட்கவே இல்லை. ஊரில் குடியிருந்ததும் காட்டை நம்பி இருந்ததும்தான் கேள்வி. காட்டுக்கு உள்ளேயே வீடு இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2008இல் மத்திய பழங்குடியினர் நல அமைச்சகமே இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

சரி, சான்றுக்கு என்ன செய்வது? இந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 13இல் பட்டியல் இருக்கிறது, ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். பழைய நில அளவை ஆவணம், வரைபடம், வீட்டுவரி ரசீது எல்லாம் செல்லும். கிணறு, கல்லறைத் தோட்டம், மையவாடி, கோயில் இவையும் சான்றுதான். மனுதாரர் அல்லாத பெரியவர் ஒருவர் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் சான்று. சமூக வன வள உரிமைக்கு ஊர் வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களையும் காட்டலாம். அதனால் எந்தக் கழிமுகத்தில் வலை வீசினார்கள், எங்கே ஆடு மேய்த்தார்கள், எந்த ஓடையில் கையால் நண்டு பிடித்தார்கள் என்று வயதானவர்களிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். அவர்கள் போனபின் எந்த அலுவலகமும் அந்தத் தாளைத் தேடித் தராது. குறிப்பிட்ட ஒரு ஆவணம் இருந்தால்தான் பார்ப்போம் என்று எந்தக் குழுவும் அடம்பிடிக்கக் கூடாது என்று அந்த விதிகளின் 2012 திருத்தம் சொல்கிறது. பழைய அபராத ரசீதை மட்டும் காட்டி மனுவைத் தள்ளவும் முடியாது. நீங்கள் அங்கே போய்வந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது, “இது காடே இல்லை, புறம்போக்கு.” கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் புல எண்ணுக்கு அ-பதிவேடும் (நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமப் பதிவேடு) புலப்படமும் வாங்குங்கள். சட்டத்தில் வன நிலம் என்பது காப்புக்காடு மட்டுமல்ல; வகைப்படுத்தாத காடு, எல்லை குறிக்காத காடு எல்லாம் அதில் அடங்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் “தேசியப் பூங்கா, அதனால் முடியாது” என்பார்கள். 21 தீவுகளைக் கொண்ட பூங்கா 1986இல் வந்தது. 2006 சட்டம் தேசியப் பூங்காவையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பதிவேட்டில் தனியார் பட்டா என்று இருந்தால் மட்டும் இந்த வழி உதவாது.

“2008லேயே தேதி முடிந்துவிட்டது” என்றும் சொல்வார்கள். விதியில் இருக்கிற மூன்று மாதம் என்பது கிராம சபை மனு வாங்குவதற்கான காலம். காரணத்தை எழுதி வைத்துக் கிராம சபையே அதை நீட்டிக்கலாம். சட்டத்துக்குக் கடைசித் தேதி கிடையாது.

இப்போது படிவம். ‘பி’ படிவம் மீன், மேய்ச்சல் போன்ற பயன்பாட்டு உரிமைக்கு. காக்கவும் நிர்வகிக்கவும் ‘சி’ படிவம். ‘பி’யை மட்டும் வாங்கிக்கொண்டு “எல்லாம் இதிலேயே வந்துவிடும்” என்பார்கள். வராது. இரண்டையும் கொடுங்கள். ‘சி’யில் எல்லை ஊர்களின் பெயரையும் கேட்கும். பக்கத்து ஊரோடு ஓடை எல்லையை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். அந்தச் சண்டையைச் சாக்காக வைத்துக் கோப்பைக் கிடப்பில் போடுவது எளிது.

பல ஊர்கள் தோற்பது கிராம சபையில்தான். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி நடக்கிற கூட்டம் இதற்குப் போதாது. சபை உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உரிமை கோருபவர்களில் பாதிப் பேரும் இருக்க வேண்டும். அங்கே 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழங்குடியினர் இல்லாத ஊரில் அதில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். “உங்கள் ஊரில் ஏற்கெனவே கிராம வனக்குழு இருக்கிறதே” என்று சொன்னால் ஏமாறாதீர்கள். அது துறை அமைத்த குழு. இது சபை தேர்ந்தெடுக்கும் குழு. உரிமை ஆவணம் வரும்போதும் பெயரைப் பாருங்கள். கிராம சபையின் பெயரில்தான் இருக்க வேண்டும், தலைவர் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ அல்ல.

வன உரிமைக் குழு செய்யும் களச் சரிபார்ப்புக்கு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் எழுத்தில் தகவல் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர்கள் கடமை. வராமல் இருந்துவிட்டுப் பிறகு ஆட்சேபித்தால் ஒருமுறை மறு சரிபார்ப்பு நடக்கும். அதற்கும் வராவிட்டால் கிராம சபை முடிவே இறுதி. “ஐயா கேம்ப் போயிருக்கிறார்” என்ற பதிலுக்கு இந்த ஒப்புகைதான் மருந்து.

இந்தச் சட்டத்தை வைத்துக் கடலோரத்தில் வீட்டுமனை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் துரத்திவிடுங்கள். இறால் பண்ணைக்குக் கரை போட்டு மரத்தை வெட்டுகிறார்கள் என்றால் உரிமை ஆவணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அலையாத்திக் காடு கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் முதல் வகை. 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றி 50 மீட்டரும் பாதுகாப்புப் பகுதி. புல எண், தேதி தெரிகிற படம் இவற்றோடு ஆட்சியருக்குப் புகார் கொடுங்கள்.

மனு கோட்ட அளவிலான குழுவுக்குப் போய், பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கு வரும். முடிவு எடுப்பது மாவட்டக் குழு. கீழே இருக்கிற யாரும் வாய்மொழியாகத் ‘தள்ளுபடி’ என்று சொல்லி அனுப்ப முடியாது. குறை இருந்தால் நிராகரிக்காமல் கிராம சபைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கோட்டக் குழுவின் முடிவு பிடிக்கவில்லை என்றால் அந்தத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் மேல்மனு. அதனால் முடிவின் நகலைத் தேதியோடும் முத்திரையோடும் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.