நச்சுநிரல் தடுப்பான்

கணினியைக் காக்கும் மென்பொருளுக்கு வழங்கும் ‘ஆன்டிவைரஸ்’ என்பது இரண்டு மொழிகளை ஒட்டுப்போட்ட சொல். முன்பாதி கிரேக்கம், ‘எதிர்’ என்று பொருள். பின்பாதி இலத்தீன், நஞ்சு என்று பொருள். இந்த இலத்தீன் சொல்லும் வடமொழி ‘விஷ’மும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அந்த விஷத்தைத்தான் தேவாரக் காலத்திலிருந்தே ‘விடம்’ என்று எழுதிவருகிறோம். ஆக, வைரஸ் ஏதோ நேற்று வந்த சொல் போலத் தெரிந்தாலும் ஆலகால விடத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

நோய்க்கிருமிக்கு வைத்த பெயர் கணினிக்குள் நுழைந்தது 1983-இல். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் பிரெட் கோஹன், மற்ற நிரல்களுக்குள் தன்னைப் படியெடுத்து ஒட்டிக்கொள்ளும் ஒரு நிரலை எழுதிக் காட்டினார். அதை ‘வைரஸ்’ என்று அழைத்தவர் அவருடைய ஆசிரியர் லெனர்டு ஏடில்மன். 1986-இல் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் எழுதிய ‘பிரெயின்’ என்ற வைரஸ், பிளாப்பி வட்டுகள் வழியாக உலகம் சுற்றியது. அதற்குள் தங்கள் கடை முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வேறு எழுதி வைத்திருந்தார்கள்! வைரஸ் வந்தால் எதிர்வைரஸும் வரத்தானே வேண்டும். சென்னையிலேயே 1991-இல் கே7 நிறுவனம் தொடங்கிவிட்டது.

தமிழில் கணினி வைரஸுக்கு ‘நச்சுநிரல்’ என்ற சொல் நன்றாக அமைந்துவிட்டது. நஞ்சு, இன்னொரு சொல்லோடு சேரும்போது ‘நச்சு’ ஆகிறது: நச்சுப்பாம்பு, நச்சுக்காய். நிரல் என்றால் வரிசை. ‘நிரல்நிறை’ என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அதே நிரல். கணினிக்குக் கட்டளைகளை வரிசையாக அடுக்கித் தருவதால் புரோகிராமுக்கு அந்தப் பெயர்.

‘ஆன்டி’யைக் குறிக்கும் வால்பகுதியில்தான் சிக்கல். எதிர்ப்பி, ஒழிப்பான், தடுப்பான் என்று மூன்றையும் எழுதுகிறார்கள். ‘எதிர்ப்பி’ மூலச்சொல்லை அப்படியே பெயர்க்கிறது, பிழையில்லை. ‘ஒழிப்பான்’ எனக்கு ஒப்பவில்லை; மூட்டைப்பூச்சி மருந்து போல, ஒருமுறை அடித்தால் தீர்ந்தது என்ற எண்ணத்தைத் தருகிறது. இந்த மென்பொருளின் முக்கிய வேலை வாசலில் நிற்பது. திறக்கிற கோப்பு, இறங்குகிற கோப்பு, செருகுகிற பென்டிரைவ் எல்லாவற்றையும் பார்த்துத்தான் உள்ளே விடும். அதனால் என் ஓட்டு ‘தடுப்பா’னுக்கு.

வாசல் காவல் என்று புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பதும் பாதி தெளிந்துவிடும். மச்சான் வீட்டுக் கணினி ஆமையாக நகர்கிறது என்று பார்க்கப் போனேன். திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு தடுப்பான்களின் சின்னங்கள். “ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்னு கடைக்காரர் போட்டுக் கொடுத்தார் மாப்ளே” என்றார். ஒரே வாசலில் இரண்டு காவலாளிகள். ஒரு கோப்பைத் திறந்தால் இருவரும் சோதிக்கிறார்கள், சில சமயம் ஒருவரையொருவர் சந்தேகப்படுகிறார்கள். ஒன்றைக் கழற்றியதும் கணினி மூச்சு விட்டது.

விண்டோஸ் 10, 11-இல் ‘டிஃபெண்டர்’ கூடவே வருகிறது. வேறொரு தடுப்பானை நிறுவினால் அது பொதுவாகத் தானே ஒதுங்கிக்கொள்ளும். மின்னஞ்சல், பாடம், வங்கிக் கணக்கு என்ற அளவில் புழங்கும் வீட்டுக்கு, புதுப்பிப்புகளை நிறுத்தாமல் வைத்திருந்தால் டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. காசு கொடுத்து வாங்குவதானால் ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ், ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் வெளியிடும் சோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எத்தனை நச்சைப் பிடித்தது என்பதோடு, நல்ல கோப்பை எத்தனை முறை ‘நச்சு’ என்று கத்தியது, கணினியை எவ்வளவு மந்தமாக்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ‘குவாரன்டைன்’. வெனிஸில் கொள்ளைநோய்க் காலத்தில் கப்பல்களை நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்தியதால் வந்த சொல், தமிழில் ‘தனிமைப்படுத்தல்’. பிடித்த கோப்பைத் தடுப்பான் பொதுவாக உடனே அழிப்பதில்லை, இயங்கவும் விடுவதில்லை. விடத்தைத் துப்பாமல் விழுங்காமல் கண்டத்திலேயே நிறுத்தினாரே நீலகண்டர், அந்த வேலைதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் ‘ஐகார்’ (EICAR) சோதனைக் கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்துகள், எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் தடுப்பான்கள் அதை நச்சாகவே நடத்தவேண்டும் என்று ஏற்பாடு. அந்த எழுத்துகளை நோட்பேடில் ஒட்டிச் சேமியுங்கள். சற்று நேரத்தில் கோப்பு வைத்த இடத்தில் இருக்காது. தடுப்பானின் தனிமைப் பட்டியலைத் திறந்தால் அங்கே உட்கார்ந்திருக்கும்.